இன்னொரு சுற்றுக்காரரும் நான்கு ரப்பர் புஷ்களும்

மெக்கானிக் மூடிய குழாயைத் திறக்க மெக்கானிக்கேதான் வர வேண்டும். காலையில் அவர் முதலில் குளித்துவிட்டால், அடுத்துப் போகிற மனைவி குளியலறைக்குள்ளிருந்து, "என்னங்க, வந்து திறந்துவிட்டுட்டுப் போங்க" என்று குரல் கொடுப்பார். பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டுக் குழாய்களுக்கு நாற்பத்தொரு முறை வாஷர் மாற்றப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் அதே காலத்தில் மூன்று முறை.

குழாய் மட்டுமல்ல. எண்ணெய் பாட்டிலின் மூடி, தேன் பாட்டிலின் மூடி, சமையல் கேஸ் சிலிண்டரின் திருகு, கொடிக்கயிற்றின் முடிச்சு, எல்லாமே அவர் கை பட்டதும் கல்லாகிவிடும். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் ஒருமுறை ஊருக்குக் கிளம்பும்போது, பெட்டியைக் கட்டிய கயிற்றை அப்பா கட்டினார் என்று தெரிந்து, போய்ச் சேர்ந்ததும் அவிழ்ப்பதற்காக ஒரு கத்தியைத் தனியாகக் கைப்பையில் எடுத்துப் போனாள்.

நட்டை முடுக்கும்போது மற்றவர்கள் நிறுத்துகிற இடத்தில் அவர் நிறுத்த மாட்டார். மூச்சை இழுத்துப் பிடித்து, ஸ்பானரின் வாலில் நான்கடி இரும்புக் குழாயைச் செருகி, "இன்னொரு சுத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓர் அழுத்து அழுத்துவார். நட்டு ஒரு முனகல் முனகும். அதைக் கேட்டால்தான் அவருக்கு வேலை முடிந்த திருப்தி. அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவர் மெக்கானிக். மீதிப் பாதிக்கு அவர் இன்னொரு சுத்து.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் அவர் ஒரு டிராக்டரில் உதவியாளாக இருந்தார். சரிவான சாலையில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சக்கரம் தனியாக உருண்டு வந்து அவர்களை முந்திக்கொண்டு போனது. "யாரோட சக்கரம்ணே அது?" என்று டிரைவரிடம் கேட்டவர் அவர்தான். கேட்டு முடிப்பதற்குள் டிராக்டரின் பின்னாலிருந்த டிரெய்லர் ஒருபக்கமாகச் சாய்ந்து சாலையை உழ ஆரம்பித்தது. சக்கரம் நேராக ஒரு முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்து, நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டுக் காலி நாற்காலியில் சாய்ந்து நின்றது. பக்கத்து நாற்காலியில் பாதி முகம் மழித்திருந்தவர் மீதிப் பாதிக்கு மறுபடி அந்தக் கடைக்கு வரவே இல்லை. யாரோ கையால் மட்டும் திருகிவிட்டு, அப்புறம் இறுக்கிக்கொள்ளலாம் என்று மறந்துபோன நட்டுகள். அன்றிலிருந்து, இறுக்காமல் விட்ட நட்டைக் கண்டால், யாருடைய வண்டியானாலும் குனிந்து முடுக்கிவிட்டுத்தான் அவர் நகர்வார்.

சொந்தப் பட்டறை போட்டு இருபத்தாறு வருடம். அவர் முடுக்கியது ஒன்றுகூடத் தானாகக் கழன்றதில்லை. "என் கையில இறுகினது என் கைக்குத்தான் அவிழும்" என்பார். அது உண்மைதான். அவிழ்க்க முடியாமல் திரும்ப அவரிடமே வந்த வண்டிகள் நிறைய.

பட்டறைக்கு எதிரே, முப்பத்தெட்டு அடி அகலத் தெருவுக்கு அந்தப்புறம், அவர் மச்சினனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மனைவியின் ஒரே தம்பி. அந்தக் கட்டிடம் முன்பு சர்வீஸ் ஸ்டேஷனாக இருந்தது. கடையின் பாதித் தரையில், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்ப்பதற்கான பள்ளம் ஒன்று இன்னும் இருந்தது. மச்சினன் அதன்மேல் நான்கு பலகைகளைப் போட்டு ஃபில்டர் பெட்டிகளை அடுக்கியிருந்தார். தினமும் ஒன்று பத்துக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தெருவைத் தாண்டி வருவார். இருவரும் பட்டறை பெஞ்சில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடிக்கிறவரை ஏதாவது ஒன்றைப் பற்றிச் சண்டை போடுவார்கள். மழை வருமா வராதா என்று தொடங்கினால் வந்து நின்ற பிறகும் முடியாது. இரண்டு கைக்கு அடங்காத வேலையானால் மச்சினன் போல்ட்டின் தலையைப் பிடிக்க, மெக்கானிக் நட்டைத் திருப்புவார். பட்டறைக்கு வேறு ஆள் வைத்ததில்லை. வைத்த இரண்டு பேரும், குழாய் போட்டு அழுத்தி இடுப்புப் பிடித்துக்கொண்டு ஓடிப்போனார்கள்.

மனைவி தையற்காரி. பட்டறையை ஒட்டிய வீட்டின் முன்னறையில் அவர் மெஷின் இருந்தது. ஜன்னல் வழியாகப் பட்டறையும் தெரியும், தம்பியின் கடையும் தெரியும். இந்த இடவசதி பின்னால் அவருக்கு ஒரு தண்டனையாக முடிந்தது.

வம்பு ஒரு டிரக்கின் உருவில் வந்தது. கால்நடை டாக்டரம்மாவின் டிரக். நான்கு சக்கரமும் இழுக்கிற வகை, வயது இருபத்து நான்கு. வெள்ளை நிறம் வெளுத்துப் பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. டாக்டரம்மா அதைத் தானே ஓட்டிக்கொண்டு மேட்டுப் பண்ணைகளுக்குப் போவார். வழக்கமாகப் பார்த்துவந்த மெக்கானிக் தொழிலை விட்டுவிட்டதால் இங்கே வந்தார்.

"முன்னாடி டொக்கு டொக்குனு ஒரு சத்தம். பிரேக் போட்டா ஒரு பக்கமா இழுக்குது" என்றார்.

மெக்கானிக் ஒரு கம்பியைச் செருகி நெம்பிப் பார்த்தார். சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கிற இரும்புக் கை ஒன்று ஒவ்வொரு பக்கமும் இருக்கும். ஒவ்வொரு கையும் இரண்டு புஷ்களின் மேல் ஏறி இறங்கும். புஷ் என்பது சின்ன டம்ளர் அளவுதான். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்புக் குழல், நடுவில் இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும் ரப்பர். நான்கிலும் ரப்பர் நைந்து, கை ஆடிக்கொண்டிருந்தது.

அதுவரை அவர் பார்த்தவை டிராக்டர்களும் பழைய லாரிகளும். அவற்றில் புஷ் என்றால் பித்தளை. கிரீஸைத் தின்றுகொண்டு சுழலும். எப்படி முடுக்கினாலும் கேள்வி கேட்காது. ரப்பர் புஷ் அவருக்குப் புதிது. ஆனால் அதை வெளியே சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

மச்சினன் கடையிலிருந்து நான்கு புஷ் வந்தது. டிரக்கைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, ஸ்பிரிங்கைக் கவனமாக அடக்கி, கைகளை இறக்கினார். பழைய புஷ்கள் துருவில் பிடித்துக்கொண்டு வர மறுத்தன. ரம்பப் பிளேடால் வெளிக்குழலைப் பிளந்து, உளி வைத்துத் தட்டி எடுத்தார். புதியவற்றைச் சோப்புத் தண்ணீர் தடவி, வைஸ் என்கிற இடுக்கியில் வைத்து உள்ளே தள்ளினார். கைகளை மாட்டினார். தொங்குகிற நிலையிலேயே நான்கு போல்ட்டுகளையும் முடுக்கினார். மச்சினன் தலையைப் பிடிக்க, இன்னொரு சுத்து. நட்டுகள் முனகின. இரண்டு நாள் வேலை. டாக்டரம்மா ஓட்டிப் பார்த்து, "வண்டி இருக்கிறதே தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுபத்தொன்றாம் நாள் திரும்பி வந்தார். டொக்.

மெக்கானிக் ஒரு புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தார். ரப்பர் கிழிந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, காலை பதினொன்று இருபதுக்கு, கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, தெருவைத் தாண்டினார்.

"மாப்ளே, இது என்ன?"

"புஷ்ஷு மாமா."

"எழுபத்தோரு நாள்ல கிழிஞ்சிருக்கு. எதைப் போட்டுச் செஞ்சிருக்கான், பழைய செருப்பா?"

"கம்பெனி சீலோட வந்தது மாமா. பெட்டிகூட இருக்கு, பாருங்க."

"பெட்டி நல்லாத்தான் இருக்கும். வண்டியில நான் பெட்டியவா மாட்டுறேன்?"

மூன்று வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். மச்சினனின் காது சிவந்தது.

"மாட்டும்போது ஏதாச்சும்..." என்று இழுத்தார்.

"என்ன ஏதாச்சும்? என் கையையா சொல்றே? இருபத்தாறு வருஷமா ஒரு நட்டு கழண்டிருக்கா?"

"கழண்டதுன்னு யார் சொன்னா? கிழிஞ்சிருக்குன்னு நீங்கதான சொல்றீங்க?"

"டூப்ளிகேட் சாமான் விக்கிறவன் கடையில இனிமே என் நிழல்கூட விழாது."

அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பியவர், மீதிப் புஷ்களையும் கழற்றி, கிழிந்தவற்றில் இரண்டைக் கம்பியில் கோத்துப் பட்டறை வாசலில் தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு தகரத்தில் சாக்பீஸால் எழுதினார்: "போலிச் சரக்கு. ஆயுள் 71 நாள்."

மறுநாள் மச்சினன் தன் அக்காவிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். "மாமாவோட நிழல் தினமும் சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு எங்க கடைப் படி வரைக்கும் வருது. அதையும் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுக்கா."

அதற்குப் பிறகு மெக்கானிக் ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை பட்டறைக்குள்ளேயே இருந்தார்.

முப்பத்தெட்டு அடி தள்ளிக் கிடைக்கிற பொருளுக்கு நான்கு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தார். ஒரு பல்புக்காக ஒருநாள் மூன்று முறை போய் வந்தார். ஒன்று பத்துக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். சண்டை போட ஆள் இல்லாததால் சாப்பாடு ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் எதிர்ப்பக்கம் பார்க்காமல் இருப்பதில் கழியும். அதுவும் ஒரு வேலைதான். கழுத்து வலித்தது. மச்சினனும் அந்தப் பக்கம் பார்க்காமலே கடை நடத்தினார். ஜன்னலருகே உட்கார்ந்திருந்த தையற்காரிதான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே தைக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று மாதத்தில் அவர் இரண்டு சட்டைகளுக்குக் காலரைத் தலைகீழாகத் தைத்தார். அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

"என் தம்பி டூப்ளிகேட் விக்கிறவனா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் அப்படிச் சொல்லல. அவன் வித்தது டூப்ளிகேட்டு."

"அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். வித்தியாசம் ஏதும் கிடைக்கவில்லை. அப்படியே எழுந்து போய்விட்டார்.

இரண்டாவது செட் புஷ்ஷை வெளியூரிலுள்ள பெரிய கடை ஒன்றிலிருந்து வரவழைத்தார். வர இருபத்தொரு நாள் ஆனது. முன்போலவே மாட்டி, முன்னைவிடக் கெட்டியாக முடுக்கினார். ஐம்பத்தெட்டாம் நாள் டாக்டரம்மா மறுபடி வந்து நின்றார். டொக்.

"அங்கயும் டூப்ளிகேட்தான்" என்றார் மெக்கானிக்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "உலகம் பூரா டூப்ளிகேட்டு. நீங்க ஒருத்தர்தான் ஒரிஜினல்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நான்கு புதிய புஷ்களைப் பெஞ்சின்மேல் வைத்தார். பெட்டியின்மேல் மச்சினன் கையெழுத்து இருந்தது. எதிர்க்கடையிலேயே வாங்கியிருந்தார்.

"இது மூணாவது தடவை. எந்தக் கடைன்னு எனக்குக் கவலையில்ல. நாளைக்குச் சாயங்காலம் வண்டி வேணும். மேட்டுப் பண்ணையில ஒரு பசு கன்னு போட நிக்குது, அதுக்குத் தேதி மாத்தச் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எட்டே காலுக்குள் மெக்கானிக் பழைய புஷ்களைக் கழற்றிவிட்டார். கழற்றியவற்றில் எது எந்தப் பக்கம் என்று வெள்ளைப் பெயின்ட்டால் குறித்து வைப்பது அவர் வழக்கம். இந்த ஒரு ஒழுங்குதான் அவரை மாட்டிவிட்டது.

தையற்காரி கழுத்தில் அளவுநாடாவோடு வெளியே வந்தார். வாசலில் தொங்கிய முதல் செட் புஷ்களைக் கம்பியோடு வெட்டி எடுத்தார். அதற்குக் கணவரின் கட்டிங் பிளேயரைத்தான் எடுத்தார். தன் கத்தரிக்கோலைத் துணி தவிர வேறெதற்கும் தரமாட்டார். ஆறு புஷ்களையும் துணி வெட்டும் மேஜையில் செய்தித்தாள் விரித்து அடுக்கினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது தேஞ்சு கிழிஞ்சது இல்ல" என்றார்.

"பின்ன?"

"தேஞ்சா நூல் நூலா பிசிறு வரும். இது முறுக்கி இழுத்துக் கிழிஞ்சது. அக்குள் தையல் இப்படித்தான் கிழியும், எத்தனை பாத்திருக்கேன். இங்க வாங்க. இந்த மூணும் இடது பக்கம், நீங்களே குறிச்சிருக்கீங்க. எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு கிழிஞ்சிருக்கு. இந்த மூணும் வலது பக்கம். இது எல்லாம் எதிர்ப்பக்கமா சாஞ்சு கிழிஞ்சிருக்கு."

"அதுக்கு?"

"ரெண்டு என் தம்பி கடைச் சாமான். நாலு வெளியூர்க் கடைச் சாமான். இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி கிழியணும்னு ரெண்டு கடைக்காரனும் பேசி வெச்சுக்கிட்டாங்களா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"மாட்டும்போது சக்கரம் எங்க இருந்துச்சு?"

"கழட்டி வெச்சிருந்தேன். கை தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

"இறுக்கினது எப்போ?"

"அப்பவேதான். இறுக்காம யாராச்சும் வண்டியக் கீழ இறக்குவாங்களா?"

"கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறவனுக்கு, அப்படியே அளவெடுத்துத் தோளைத் தெச்சுட்டா, அவன் கையைக் கீழ போட்டதும் என்ன ஆகும்?"

"இழுக்கும்."

"நாள் முழுக்க இழுத்துக்கிட்டே இருந்தா?"

மெக்கானிக் ஒரு புஷ்ஷை எடுத்துக் கையால் முறுக்கிப் பார்த்தார். பட்டறைக்குப் போய்ப் புதிய புஷ்களை உள்ளே தள்ளினார். கைகளை மாட்டினார். நட்டுகளை விரலால் மட்டும் திருகிவிட்டு, சட்டத்தின் மேலும் கையின் ஓரத்தின் மேலும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரே கோடாக ஒரு கோடு போட்டார். சக்கரங்களை மாட்டி, டிரக்கை மெல்ல ஜாக்கில் இறக்கினார். டிரக் தன் எடையோடு தரையில் நின்றது. குனிந்து பார்த்தார். ஒரு கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஸ்கேலை வைத்து அளந்தார். பதினொரு மில்லிமீட்டர்.

மறுபடி தூக்கினார். கோடு சேர்ந்தது. இறக்கினார். பிரிந்தது. ஆறு முறை தூக்கி இறக்கினார். ஆறாவது முறையாவது டிரக் மனம் மாறும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. தெருவில் போன ஒருவர் நின்று, "வண்டிக்கு உடற்பயிற்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். தொங்கும்போது இறுக்கினால் உள்குழல் சட்டத்தோடு கவ்விக்கொள்கிறது. வண்டி தரையில் நின்றதுமே ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கு. பாவம், எழுபத்தொரு நாள் தாங்கியதே பெரிது. மச்சினன் விற்றது நல்ல சரக்குத்தான். மூன்று பேர் சிரிக்க அவனைத் தலைகுனிய வைத்தது தன் கைதான். இருபத்தாறு வருடமாகத் தெருவெல்லாம் பெருமை பேசிய அதே கை. போய்ச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. முப்பத்தெட்டு அடி, அன்று பார்க்க மிகவும் அகலமாக இருந்தது.

"வேலைய முடிங்க, அப்புறம் உக்காரலாம்" என்றார் மனைவி.

வண்டி நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும் என்றால், நிற்கிற வண்டிக்கு அடியில் போக வேண்டும். மெக்கானிக் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். ஸ்பானரைப் போட்டார். நான்கடிக் குழாயைச் செருகினார். குழாய் தரையில் இடித்தது. குழாய் இல்லாமல் முயன்றார். படுத்தபடி பலம் போட முடியவில்லை. அந்தப் பக்கத்தில் போல்ட்டின் தலையும் கூடவே சுற்றியது.

வெளியே வந்தபோது மனைவி அங்கேயே நின்றிருந்தார்.

"பள்ளம் வேணும்" என்றார் மெக்கானிக்.

"ஒண்ணு இருக்கே."

"இங்க ஒண்ணு தோண்டலாம்னு பாக்கறேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

மெக்கானிக் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். ஆறு அங்குல காங்கிரீட். அவரே போட்டது. அவர் போட்டதென்றால் அதை உடைக்கவும் அவர்தான் வேண்டும். "மூணு நாள்" என்றார்.

"அதுவரைக்கும் பசுகிட்ட நீங்க பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு மனைவி தெருவில் இறங்கினார்.

மதியம் இரண்டே காலுக்கு, விரலால் மட்டும் திருகிய நான்கு நட்டுகளோடு மெக்கானிக் டிரக்கை வெளியே எடுத்தார். வாழ்நாளில் முதல் முறை. முன்சக்கரங்களைப் பார்க்கத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஓட்டினார். வேர்த்துக் கொட்டியது. ஒவ்வோர் அடிக்கும் டிரக் டொக்கென்றது. முன்னால் தையற்காரி அளவுநாடா ஊசலாட, ஒரு கையை நீட்டிப் பால் வண்டியையும் இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் நிறுத்தி வைத்திருந்தார்.

"என்னக்கா ஊர்வலம்?" என்று பால் வண்டிக்காரர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரர் எதிர்க்கடைக்குப் போறாரு."

"அதுக்கு வண்டியா?"

"நடந்து போக வெக்கப்படறாரு."

மச்சினன் கடைக்குள்ளிருந்து பார்த்தார். எழுந்தார். யாரிடமும் எதுவும் பேசாமல் ஃபில்டர் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார். நான்கு பலகைகளையும் தூக்கிச் சுவரில் சாய்த்தார். பிறகு கல்லாவுக்குப் போய் உட்கார்ந்து ஒரு விலைப்பட்டியலை மும்முரமாகப் புரட்ட ஆரம்பித்தார். டிரக் பள்ளத்தின்மேல் வந்து நின்றது. மெக்கானிக் படியில் இறங்கினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பள்ளத்துக்குள் எல்லாம் கைக்கு எட்டியது. போல்ட்டின் தலையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. மெக்கானிக் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் முயன்றார். கை அவ்வளவு நீளமில்லை.

"மேல யாராச்சும் இருக்கீங்களா?"

"யாராச்சும்னா யாரு?"

"போல்ட்டு தலையைப் புடிக்க ஒரு ஆள்."

"இங்க டூப்ளிகேட் ஆள்தான் இருக்கான்."

"பரவால்ல."

"என்ன பரவால்ல?"

மச்சினனின் செருப்புகள் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து நின்றன. மெக்கானிக்கின் கண்ணுக்கு நேராக அவை மட்டும்தான் தெரிந்தன. அவற்றைப் பார்த்துப் பேசுவது சுலபமாக இருந்தது.

"வண்டி தரையில நிக்கும்போதுதான் இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினா கிழியும்."

"அப்படியா? யாரு இறுக்கினா?"

"யார் இறுக்கினாலும்."

"அப்படிச் சொல்லாதீங்க. ஊர்ல முக்கால்வாசிப் பேரு தொங்கவிட்டுத்தான் இறுக்கறான். அவனுக்கெல்லாம் எழுபத்தோரு நாள்லயா கிழியுது?"

மெக்கானிக் யோசித்தார். பொய் சொல்லித் தப்பிக்க நல்ல சமயம். ஆனால் வேலை விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"அவனுங்க இறுக்கறது பத்தாது. உள்குழல் கொஞ்சம் வழுக்கி, தன் இடத்துக்குத் தானே வந்துரும். நான் இறுக்கினா வழுக்காது."

"ஆக?"

"என் தப்புதான் மாப்ளே."

"கேக்கல மாமா."

"பள்ளத்துல எதிரொலிக்குது, கேக்காம இருக்குமா?"

"எதிரொலிச்சா ரெண்டு தரம் கேக்கணுமே. எனக்கு ஒரு தரம்கூட கேக்கல."

மெக்கானிக் மூச்சை இழுத்துப் பிடித்தார். "என் தப்பு. சாமான் நல்ல சாமான். நாலு பேர் முன்னாடி உன்னச் சொல்லியிருக்கக் கூடாது."

"எனக்குக் கேட்டுச்சு" என்றது வேறொரு குரல். வைப்பர் வாங்க வந்து நின்ற வாடிக்கையாளர்.

செருப்புகள் படியிறங்கின. மச்சினன் பள்ளத்துக்குள் வந்து, ஒரு ஸ்பானரை எடுத்து இடப்பக்கப் போல்ட்டின் தலையில் போட்டுப் பிடித்தார். மெக்கானிக்கைப் பார்க்காமலே, "மூணு புஷ்ஷ அறுத்துப் பாத்தேன் மாமா" என்றார்.

"எதுக்கு?"

"நீங்க அவ்வளவு உறுதியா சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நிஜமாவே டூப்ளிகேட் வாங்கி ஏமாந்துட்டேனோன்னு. ஷட்டரை இறக்கிட்டு ரம்பத்தால அறுத்து, ரப்பரைக் கடிச்சுக்கூடப் பாத்தேன். டாக்டரம்மா வந்து இதே புஷ் வேணும்னப்ப, பெட்டிய எடுத்துக் குடுக்க எனக்குக் கை வரல."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். "கடிச்சா பாத்தே?" என்று மட்டும் கேட்டார்.

"ரப்பர் மாதிரிதான் இருந்துச்சு."

இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். மேலே வைப்பருக்காக நின்றவர், கடைக்காரர் இப்போதைக்கு வரமாட்டார் என்று புரிந்துகொண்டு, தானே ஒன்றை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

நான்கடிக் குழாயைச் செருகப் போனபோது மச்சினன் தடுத்தார். மேலே போய் ஒரு டார்க் ரெஞ்ச் எடுத்து வந்தார். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணில் வைத்தால், அந்த அளவு வந்ததும் 'டக்'கென்று சொல்லும் கருவி. கம்பெனிப் புத்தகத்தில் பார்த்து எண்ணை வைத்துக் கொடுத்தார். மெக்கானிக் இழுத்தார். டக். மிகச் சீக்கிரம் வந்துவிட்டது. அவர் கை பிடியை விடவில்லை.

"மாமா."

"ம்."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கையை எடுங்க."

"கொஞ்சூண்டு..."

"அக்கா, இங்க வந்து பாரு இவரை."

மெக்கானிக் கையை எடுத்தார். நான்கு நட்டுகள், நான்கு டக். ஒவ்வொன்றிலும் ஊசிக்குப் பயந்தவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா நான்கு ஐம்பதுக்கு வந்து வண்டியை எடுத்துப் போனார். பசு மறுநாள் விடியற்காலையில் கன்று போட்டது. கிடேரி.

அடுத்த மூன்று மாதம் மெக்கானிக் நிம்மதியாகத் தூங்கினார் என்று சொல்ல முடியாது. நூற்றுநான்காம் நாள் டிரக் தெருவின் நடுவில், இரண்டு கடைகளுக்கும் நேர் மத்தியில் வந்து நின்றது. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள்.

"முன்னாடி ஒரு சத்தமும் இல்ல. அருமையா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா பின்னாடி ஏதோ கடகடங்குது."

"என் தப்பாத்தான் இருக்கும்" என்றார் மெக்கானிக் உடனே. "பின்னாடி நட்டெல்லாம் முதல் தடவை நான் போட்ட பழைய இறுக்கம்."

"இல்ல மாமா, அப்ப பின்பக்கத்துக்கு வாஷர் குடுத்தது நான். சாமான்லதான் கோளாறு."

"சாமான்ல என்ன கோளாறு? மாட்டினது நான்."

"விக்கறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும்."

"மாட்டறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும்டா. நீ எதுக்கு ஊடால வர்றே?"

"எப்பவும் நீங்களேதான் தப்பு பண்ணுவீங்களா? எனக்கு அதுக்குக்கூட உரிமை இல்லையா?"

பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. ஜன்னலில் தையல் மெஷின் நின்றது.

"ரெண்டு பேரும் பேசாம இருந்தப்பதான் வீடு அமைதியா இருந்துச்சு" என்றார் தையற்காரி.

டாக்டரம்மா இதற்குள் இறங்கிப் பின்பக்கம் போயிருந்தார். டிரக்கின் பின்தட்டில் ஒரு வாளி சாய்ந்து கிடந்தது. அவர் அதை நிமிர்த்தி, கைப்பிடியை ஒரு பக்கமாக மடக்கி வைத்துவிட்டு, இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரையும் சுற்றி வண்டியை ஒடித்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு சத்தமும் வரவில்லை. அவர் போய்விட்டது இரண்டு பேருக்கும் தெரியவந்தபோது மணி ஒன்று பத்து ஆகியிருந்தது.